ஈரத்தில் தொய்யாத வலை

இடது கை ஊறிய தோல் வாரை இழுத்துப் பிடித்திருந்தது. வலது கை அதை மரச்சட்டத்தின் மேலாக விட்டு, கீழாக வாங்கி, ஏற்கெனவே ஓடியிருந்த இரண்டு வார்களுக்கு நடுவே நுழைத்து, மறுபடியும் இழுத்தது. இழுக்க இழுக்கத் தண்ணீர் சொட்டி, மடியில் விரித்திருந்த மாவுச் சாக்கை நனைத்தது. விரல்கள் ஊறி வெளுத்துப் போயிருந்தன. கட்டைவிரல் ஒவ்வொரு முடிச்சையும் அமுக்கிப் பார்த்தது. ஒரு முடிச்சு அதற்குப் பிடிக்கவில்லை. கைகள் அதைப் பிரித்து, அதற்கு முந்தியவற்றையும் பிரித்து, திரும்ப ஆரம்பித்தன.

"பிரிக்கறதுக்குன்னே பொறந்தியா நீ?" என்றாள், அடுப்பருகே ரொட்டி தின்றுகொண்டிருந்த கோரீன். "நேத்தும் இதே எடத்துலதான் நின்னுச்சு."

"நேத்து வேற முடிச்சு," என்றாள் மேவிஸ், நிமிராமல்.

மேவிஸ் குவில் கூழைக்கடா ஆற்றின் காவலர்களில் ஒருத்தி. வின்னிபெக் ஏரிக்குக் கிழக்கே அந்த ஆறு எவ்வளவு தூரம் வளைகிறதோ அவ்வளவு தூரமும் அவளுடைய வேலைதான். கோடையில் படகில் போய், படகைத் தூக்கி நடக்கும் பாதைகளில் விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்குவாள். மீன் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களிடம், அந்தப் பாறையில் ஏறாதே, இந்தக் கரையில் தீ மூட்டாதே என்று சிரித்த முகத்தோடு சொல்லுவாள். இரண்டாம் தரம் சொல்லும்போது சிரிப்பு இருக்காது. பனிக்காலத்தில் தடம் பார்ப்பாள். இது பாதுகாக்கப்பட்ட காடு என்று வெளியுலகம் பெயர் வைத்தது பின்னால்தான். அதற்கு முன்பும் அவள் இதையெல்லாம் செய்துகொண்டுதான் இருந்தாள். பெயர் வைத்த பிறகு ஒரு சிவப்பு மேலங்கி கிடைத்தது. அதன் ஜிப் முதல் மாதமே போயிற்று.

பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டிக்கொள்ளும் மட்டை செய்ய அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூடச் சுவரில் அலங்காரத்துக்கு ஒரு பழைய ஜோடி தொங்கியது. ஒரு விடுமுறையில் அதை எடுத்துவந்து, வார் வாராகப் பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி பின்னி மாட்டினாள். பள்ளி திறந்தபோது ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தெரியும், வலையில் ஒரு கண் கூடிப்போயிருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஜோடி பின்னிவிட்டாள். மட்டை என்றால் மேவிஸ் என்று ஆகிவிட்டது.

இப்போது மடியில் இருப்பது எல்மர் ஸ்ட்ராங்குக்கு. எல்மர் கோரீனின் புருஷன், மேவிஸுக்கு அத்தை மகன். அந்த ஆற்றங்கரையில் மாமன் மகளும் அத்தை மகனும் எதிர்ப்பட்டால் கேலி பேசியே ஆகவேண்டும். பேசாமல் போனால்தான் குற்றம். தேவாலய வாசலாக இருந்தாலும் சரி, சாவு வீடாக இருந்தாலும் சரி, எல்மர் அவளுடைய மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்ததில்லை. அவள் அவன் வயிற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டதில்லை. நினைவு தெரிந்த நாள் முதலாக அப்படித்தான்.

வினை இந்தப் பனிக்காலத்து ஊர்க்கூட்டத்தில் ஆரம்பித்தது. காரிபு மான்கள் குறைந்துபோனதால், அவற்றை வேட்டையாடுவதில்லை என்று ஊர் முன்பே முடிவெடுத்திருந்தது. மிச்சமிருப்பவை பனிக்காலத்தைக் கழிப்பது எல்மர் குடும்பம் பொறி வைக்கும் காட்டில், தரைப்பாசி மண்டிய பைன் மேட்டில். அங்கே ஆழமான பூப்பனிதான் அவற்றுக்குக் கோட்டைச் சுவர். ஓநாய் அதில் புதைந்து திணறும். ஆனால் மோட்டார் பனிவண்டி ஒருமுறை ஓடினால் தடம் இறுகித் தார்ச்சாலை ஆகிவிடும். ஓநாய்க் கூட்டம் அதில் நோகாமல் நடந்துவந்து விருந்து சாப்பிடும். மேவிஸ் எழுந்து சொன்னாள், "படகு தூக்குற ரெண்டாவது பாதைக்கு அந்தப் பக்கம் வண்டி வேண்டாம். நடந்து போவோம்."

அது எல்மரின் இடம். அவன்தான் சொல்லவேண்டும். எல்லோரும் அவன் வயிற்றைப் பார்த்தார்கள்.

"மாமன் மகளக் கட்டாம தப்பிச்சோம்னு இத்தன வருஷம் சந்தோஷமா இருந்தேன்," என்றான் எல்மர். "இப்ப என்னய நடக்கவெச்சே கொல்லப் பாக்குறா. சரி புள்ள, எனக்குத் தாங்குற மட்டை செஞ்சு குடு. நடக்குறேன்."

கூடம் சிரித்தது. முடிவாகிவிட்டது.

அவளும் செய்து கொடுத்தாள். தப்பு செய்ததும் அப்போதுதான். பள்ளிக்கூட ஜோடி காரிபுத் தோல் வாரால் பின்னியது. காரிபுத் தோலை நூல் போல் மெலிசாக அறுக்கலாம், ஈரத்தில் தொய்யாது. இப்போது கையில் இருப்பதோ மூஸ் என்னும் பெரிய காட்டுமானின் தோல். அது தண்ணீரைக் கண்டால் இளகும், ஆகவே அகலமாக அறுக்கவேண்டும் என்பது மேவிஸுக்குத் தெரியாததல்ல. ஆனால் அகல வாரால் பின்னினால் மீன்கூடை போல இருக்கும். மெலிசாகப் பின்னினால் பார்ப்பவர்கள் கையில் எடுத்துத் தடவுவார்கள். எல்மர் ஊரெல்லாம் காட்டுவான். அவள் அழகுக்கு ஆசைப்பட்டாள். பனி காய்ந்துதானே கிடக்கிறது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். போதாததற்கு வயிற்றுப் பக்கத் தோலில் அறுத்தாள், அது வெட்டுவதற்குச் சுலபம் என்று.

எல்மர் மரநாய்ப் பொறிகளைப் பார்த்துவரக் கிளம்பினான். வழியில் ஒரு சிற்றேரியின் நடுவில் பனியின் பாரத்தில் ஐஸ் அமுங்கித் தண்ணீர் மேலே ஊறி, பனிக்கடியில் சேறுபோல் நின்றது. அதில் கால் வைத்தான். பத்தடி போவதற்குள் வலை தொய்ந்து தூளி ஆயிற்று. ஒவ்வொரு அடிக்கும் ஒரு குடம் சேற்றுப்பனியைத் தூக்கிக்கொண்டு, நனைந்த காலோடு திரும்பி வந்தான். இரண்டு கால்விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. கோரீன் அவற்றைத் தன் அக்குளில் வைத்துச் சூடேற்றினாள்.

ஊர் சிரித்தது. எல்மர் பொறுத்துக்கொண்டான். மறுநாள் மேவிஸ் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, வாசலோடு நின்றான்.

"வா மச்சான், தூளியில நல்லாத் தூங்குனியாமே?" என்றாள் மேவிஸ். உள்ளே குற்றம் குறுகுறுத்தாலும் கேலி பேசும் விதி விதிதான்.

"மேவிஸ்," என்றான் அவன். "நீங்க வருத்தப்பட வேணாம். பொறியெல்லாம் வெச்சது வெச்சபடி கெடக்கு. மாட்டுன உசுரு வீணாப் போறது நமக்குப் பாவம். வெள்ளிக்கிழமை காலையில வண்டியில போயிட்டு வந்துடறேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்னுதான் வந்தேன்."

நீங்க என்றான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மூக்கைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அவன் போன பிறகு மேவிஸ் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள். அவன் சொன்னதிலும் தப்பில்லை. பொறியில் மாட்டிய மிருகத்தை எடுக்காமல் விடுவது அந்த மிருகத்தை அவமதிப்பது. ஆனால் ஒரு வண்டி போனால் போதும், பாதை விழுந்துவிடும். வயிற்றில் கன்றோடு நிற்கும் மான்களிடம் ஓநாயை நேரே கூட்டிக்கொண்டு போய்விட்ட மாதிரி. எல்மரே போய்விட்டான் என்றால் அடுத்தவன் எதற்கு நடக்கப்போகிறான்?

கொட்டகையில் ஒரே ஒரு தோல் இருந்தது. முதிர்ந்த ஆண் மூஸ், முதுகுத் தோல், தடிமனானது. மயிர் களைந்து, சுரண்டி, தனக்கு ஒரு சட்டை தைத்துக்கொள்ள என்று இரண்டு வருஷமாக வைத்திருந்தாள். தோளில் எப்படி விழும், கழுத்தில் என்ன பூ வேலை என்பதுவரை முடிவு செய்திருந்தாள். அதை எடுத்து மேசையில் விரித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்து ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி, சுண்டுவிரல் அகலத்துக்கு, ஒரே நீள வாராக அறுத்துக்கொண்டே போனாள். கடைசியில் நடுவில் ஒரு வெற்றிலை அளவுத் துண்டுதான் மிஞ்சியது.

அறுத்ததை ஊறவைத்து, முற்றத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டி, நடுவில் பழைய அடுப்புக் கதவைத் தொங்கவிட்டாள். நீளுகிற மட்டும் நீளட்டும், எல்மர் காலடியில் நீளாமல் இங்கேயே நீண்டு தொலையட்டும் என்று. உள்ளே கொண்டுவந்து காயவைத்து, மறுபடி ஊறவைத்து, மறுபடி கட்டினாள். மூன்றாம் தடவை அடுப்புக் கதவு ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

அந்தப் பக்கம் வந்த கோரீன் நின்று பார்த்தாள். "ஏன்க்கா, துணி காயப்போடுவாங்க, மீன் காயப்போடுவாங்க. அடுப்பக் காயப்போட்டு இப்பதான் பாக்குறேன்."

"உன் புருஷன் என்ன செய்றான்?"

"பெரிய சறுக்குவண்டியில சாமான் ஏத்துறான். பெட்ரோல் ரெண்டு கேன்." கோரீன் குரலைத் தாழ்த்தினாள். "சொல்லாமயே ஏத்துறான்க்கா. ஒரு வார்த்த பேச மாட்டேங்குறான். அவன் பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல. வீடு என்னமோ மாதிரி இருக்கு."

அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்த கோரீன்தான், வியாழக்கிழமையும் வந்து ரொட்டி தின்றுகொண்டு, முடிச்சு பிரிப்பதைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள்.

மேவிஸ் கடைசி வாரை இழுத்து, கடித்து, முடிந்தாள். வலை பெரிய கண்ணாக, முரடாக இருந்தது. தட்டினால் பறை போலச் சத்தம் வந்தது. அடுப்பின் பக்கத்தில் பிற்பகல்வரை காயவைத்தாள். பிறகு மட்டையையும் கோரீனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எழுந்திரு."

"எதுக்கு?"

"நான் இதுல நின்னா குருவி உக்காந்த மாதிரி. எல்மர் எடைக்கு ஆள் வேணும்."

"என் புருஷனுக்கு ஈடா என்னயவா நிறுக்குற?" என்றாள் கோரீன். ஆனால் எழுந்துவிட்டாள்.

ஆற்றின் முகத்தில், நீரோட்டம் ஐஸை அரித்துச் சேறு கட்டியிருக்கும் இடம் மேவிஸுக்குத் தெரியும். ஆழமில்லாத இடம். கோரீன் காலில் மட்டையைக் கட்டி, முதுகில் ஒரு மாவு மூட்டையும் ஏற்றி, நடக்கச் சொன்னாள். கோரீன் வாத்து போல நடந்தாள். பனிக்கடியிலிருந்து தண்ணீர் சளக் சளக்கென்று மேலே வந்தது. கரையில் நின்று மேவிஸ் கத்தினாள்: "குதி."

"விழுந்தா என்னய யாருக்கா தூக்குறது?"

"குதி, பாத்துக்கலாம்."

கோரீன் குதித்தாள். விழவில்லை. இரண்டு தரம் போய் வந்தாள். மூன்றாம் தரம் யாரும் சொல்லாமலே போனாள், அவளுக்கே பிடித்துப்போயிற்று. மேவிஸ் குனிந்து, கையுறையைக் கழற்றி, நனைந்த வலையை அடியிலிருந்து விரலால் தள்ளிப் பார்த்தாள். பாதம் படும் இடம் அசையவில்லை. இடது மட்டையில், முன்நுனிப் பக்கம், ஒரே ஒரு வார் லேசாக இளகியிருந்தது. வீட்டுக்கு வந்து அதை மட்டும் அறுத்தெறிந்து, புது வார் கோத்தாள். இந்த முறை கோரீன் கேலி செய்யவில்லை. விளக்கைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எல்மரின் வண்டி கரையில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் பெரிய சறுக்குவண்டி, கயிறு போட்டுக் கட்டிய சாமான். மேவிஸ் மட்டைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். பின்னால் கோரீன்.

எல்மர் பார்த்தான். தொப்பியைத் தொட்டான். "நீங்க சிரமப்பட்டிருக்கீங்க," என்றான்.

மேவிஸ் தோளிலிருந்து மட்டையை இறக்கி, வலை தெரியும்படி திருப்பிப் பிடித்தாள். "அழகா இல்ல," என்றாள். "முதுகுத் தோல். அகலமா அறுத்தேன். போன தடவ என் தப்பு."

எல்மர் கையுறையோடு வலையை அமுக்கினான். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு அமுக்கினான்.

"நேத்து ஆத்து முகத்துச் சேத்துல நான் நடந்தேன்," என்றாள் கோரீன். "மாவு மூட்டையோட. குதிச்சேன்கூட."

எல்மர் திரும்பி மனைவியை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். "நீயா?"

"நான்தான்."

"மூட்டையோட?"

"ஆமாங்கறேன்."

"குதிச்சியா?" அவன் வலையைப் பார்த்தான். ஆற்றைப் பார்த்தான். "ஐஸுக்கு ஒண்ணும் ஆகலையே?"

கோரீன் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். எல்மரின் வயிறு முதலில் குலுங்கியது, அப்புறம் தோள். அவன் சாவியைத் திருப்பினான். உறுமல் நின்றது. ஆறு திடீரென்று பெரிதானது போலிருந்தது.

"மாமன் மகளே," என்றான். "அந்த மூக்க வெச்சுக்கிட்டு எப்படித்தான் கிட்டக்க குனிஞ்சு முடிச்சுப் போடுறியோ. வலையில குத்தாதா?"

"உன் வயித்துக்குக் கீழ என்ன கட்டியிருக்குன்னு உனக்குத் தெரியவா போவுது மச்சான்," என்றாள் மேவிஸ்.

அவன் பெரிய சறுக்குவண்டியின் கொக்கியைக் கழற்றினான். சாமானில் பாதியை அவிழ்த்துக் கோரீனிடம் கொடுத்தான். மிச்சத்தைக் கையால் இழுக்கும் சிறு சறுக்குப் பலகையில் கட்டி, அந்தப் பலகையை வண்டியில் மாட்டினான். இரண்டாவது பாதை வரைக்கும் வண்டி, அதற்கப்பால் கால். பையிலிருந்து ஒரு சிட்டிகைப் புகையிலையை எடுத்துக் கரையோரப் பனியில் போட்டான், போகிற வழிக்குக் காணிக்கையாக.

பிறகு இரண்டு கைகளையும் நீட்டினான். மேவிஸ் மட்டைகளைக் கொடுத்தாள்.