நுனியில் கட்டிய சிவப்புத் துணி

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளைக் கோட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். புதிதாக வரும் ஆசிரியர்கள், ஏதோ கோட்டை கொத்தளம் ஆண்ட குடும்பம் போலிருக்கிறது என்று முதல் வாரம் மரியாதையாக எழுந்து நிற்பதும் உண்டு. விஷயம் அவ்வளவு பெரிதில்லை. மைதானத்தில் சுண்ணாம்புத்தூளால் கோடு போடுகிற அக்கா, கோட்டக்கா. கணவர் பார்த்த வேலை. அவர் இறந்து ஒரு வருஷம் கழித்து அவளுக்குக் கிடைத்தது. அவள் போட்ட கோட்டைப் பார்த்துத்தான் அந்த வட்டாரத்து எறும்புகளே வரிசையாக நடக்கப் பழகின என்று பள்ளிக்கு எதிரே இருந்த சைக்கிள் கடைக்காரர் சொல்வார். எறும்புகளும் இதுவரை மறுத்ததில்லை.

மைதானத்தின் ஒரு கோடியில் இரும்பு முளை அடிப்பாள். கயிற்றின் ஒரு முனையை அதில் மாட்டி, சிவப்புத் துணி கட்டிய மறுமுனையைப் பிடித்து விறைப்பாக இழுத்தபடி அரைவட்டம் நடப்பாள். மறுகோடியிலும் அப்படியே. இடையில் இரண்டு நேர்க்கோடுகள். கயிறு முப்பத்தாறரை மீட்டர், ஒரு சுற்று நானூறு. கணவர் சொல்லிவிட்டுப் போன கணக்கு அவ்வளவுதான். பதினொரு வருஷமாகக் கயிற்றையும் சந்தேகப்படவில்லை, கணவரையும் சந்தேகப்படவில்லை.

அந்தப் பள்ளியிலிருந்துதான் நெடுந்தூர ஓட்டத்தில் பதக்கம் பதக்கமாக அள்ளிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து வட்டாரத்திலோ பேருந்தைப் பிடிக்க ஓடக்கூட ஆளில்லை. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். தண்ணீரில் இரும்பு இருக்கிறது என்றார் டாக்டர். காலைப் பனி என்றார் தலைமை ஆசிரியர். செருப்புக் கடைக்காரர், தன் கடைச் செருப்பு என்றார். ஆனால் ஒன்று மட்டும் யாருக்கும் புரியவில்லை. இந்தப் பிள்ளைகள் சொந்த மைதானத்தில் ஆமை, வெளியூர் போனால் குதிரை.

"என்ன ஓட்டம் இது? ஜவுளிக்கடையில சுத்திப் பார்க்கிற மாதிரி ஓடுறீங்க" என்று விளையாட்டு வாத்தியார் நிறுத்துக்கடிகாரத்தைக் காட்டிக் கத்துவார். நேரம் ஒருநாளும் அவருக்குத் திருப்தியாக வந்ததில்லை. குறித்த நேரத்துக்குள் வராதவர்களின் பெயரை நோட்டில் சிவப்பு மையால் அடித்து, ஓட்டக் குழுவிலிருந்தே எடுத்துவிடுவார்.

ஒரு வட்டாரம் மட்டும் எப்படி இத்தனை ஓட்டக்காரர்களைப் பெற்றுப் போடுகிறது என்று ஆராய மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பிள்ளைகளின் கெண்டைக்காலை அளந்தார்கள், குழாயில் மூச்சு ஊதச் சொன்னார்கள், தண்ணீரைப் புட்டியிலும் மண்ணைப் பையிலும் அடைத்தார்கள். மூன்றாம் நாள், அவர்களில் இளையவளான கண்ணாடிக்காரப் பெண், எல்லாம் அளந்தாயிற்று, இதையும் அளந்துவிடலாம் என்று அளவுச் சக்கரத்தைக் கோட்டின்மேல் உருட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து எண்ணைப் பார்த்தாள். இன்னொரு தடவை உருட்டினாள்.

"சார், நானூத்தி இருபத்தஞ்சு காட்டுது."

"சக்கரத்துல காத்து இறங்கியிருக்கும்மா" என்றார் தலைமை ஆசிரியர்.

"இது கட்டை ரப்பர் சார். காத்தே கிடையாது."

சுண்ணாம்பு டப்பாவோடு நின்ற கோட்டக்கா கயிற்றை எடுத்து நீட்டினாள். கண்ணாடிக்காரி கயிற்றை அளந்தாள். நாற்பதரை மீட்டர். நாலு மீட்டர் எங்கிருந்து முளைத்தது? கோட்டக்கா கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அன்று அவளுக்கு நேரம் குறித்திருந்தால் அதுவும் ஒரு பதக்கம்.

மாமியார் வாசல்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இந்தக் கயித்தை என்ன பண்ணீங்க?"

"நான் என்னடி பண்ணினேன்? அவன் போனப்புறம் சும்மாக் கெடந்துச்சு. கொல்லையில மூணு வரிசையாக் கொடி கட்டினேன். எட்டல, அதே மாதிரிக் கயிறு கொஞ்சம் வாங்கி ஒட்டுப் போட்டேன். உனக்கு வேலை வந்ததும் அவுத்து, துவைச்சு, கையில குடுத்தேன்."

"சிவப்புத் துணி?"

"நுனியில இருந்துச்சு. நுனியில கட்டினேன்."

கோட்டக்கா முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். துணி கட்டிய நுனியிலிருந்து நாலு மீட்டர் உள்ளே, அழுக்கோடு அழுக்காக, கச்சிதமான ஒரு முடிச்சு. பதினொரு வருஷம் அவள் உள்ளங்கை தடவிப்போன முடிச்சு.

அப்போதுதான் விளையாட்டு வாத்தியார் வந்தார். கையில் பெயர்ப்பதிவு நோட்டுகள். முகத்தில் ரத்தம் இல்லை.

"நாலு சுத்துக்கு நூறு மீட்டர் கூட ஓடியிருக்காங்கக்கா. இருபது வினாடி. நான் இவங்களையெல்லாம் சோம்பேறின்னு சொன்னேன்."

சிவப்பு மையில் அடித்த பெயர்கள், பக்கம் பக்கமாக. அத்தனையையும் தாங்கி மிஞ்சியவர்கள் வெளியூரில் பறந்தார்கள். பெயர் அடிபட்டவர்களின் கெண்டைக்காலை யாரும் வந்து அளக்கவில்லை. ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. கோட்டக்காவின் மகள். எட்டு வருஷத்துக்கு முன்னால், நாலு சுற்று ஓட்டம், எட்டு வினாடி தாமதம். அன்றோடு காலணியைக் கழற்றி எறிந்தவள் இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள்.

"தாமதமே இல்லக்கா. பன்னெண்டு வினாடி முன்னாடி வந்திருக்கா."

கோட்டக்கா நோட்டை வாங்கிப் பார்த்தாள். பெற்ற மகளை ஓரங்கட்டிய கோட்டைத் தன் கையாலேயே போட்டிருக்கிறாள்.

சாயங்காலம் தலைமை ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேலிடத்து ஆள் வந்தா சரியான கோடு. பயிற்சிக்குப் பழைய கோடு. பதக்கம் அதுலதானே வருது? நீங்களும் நானும் வாயைத் திறக்க வேண்டாம். வந்திருக்கிற மூணு பேரையும் வாத்தியாரையும் நான் பார்த்துக்கறேன். உங்க வேலைக்கும் ஒண்ணும் வராது."

வேலை போனால் வீட்டில் அடுப்பு பாதி நாள்தான் எரியும். அது அவளுக்குத் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டு நேராக மருந்துக்கடைக்குப் போனாள். மகள் கல்லாவுக்குப் பின்னால் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். கோட்டக்கா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

மகள் நிமிரவில்லை. மாத்திரைகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மூன்றாம் தடவையும் எண்ணினாள்.

"பாட்டியோட கொடிக்கயிறா?"

"ஆமாண்டி."

"எட்டு வருஷமா பஸ்ஸுக்குக்கூட நான் ஓடினதில்ல. கால் சரியில்லன்னு நினைச்சுட்டிருந்தேன்." பொட்டலத்தைக் கட்டி வாடிக்கையாளரிடம் நீட்டினாள். "இனிமே ஓடுறவங்களுக்காவது எவ்வளவு தூரம்னு தெரியுமா?"

கோட்டக்கா கடைப்படி இறங்கி மைதானத்தைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் காலை தலைமை ஆசிரியர் மைதானத்துக்கு வந்தபோது இரண்டு பாதைகள் இருந்தன, ஒன்றுக்குள் ஒன்றாக. தொடங்கும் இடத்தில் இரண்டு பலகைகள். உள்ளே 400. வெளியே 425. எழுத்து கொஞ்சம் கோணல்தான், எறும்புகள் மன்னிக்கட்டும். பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள்.

"என்னக்கா இது? யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

"கொடிக்கயிறுன்னு சொல்லுங்க சார். ரெண்டு கோடும் போடறேன். எது எவ்வளவுன்னு எழுதாமப் போட மாட்டேன். வேற ஆள் வேணும்னா, கயிறு அந்த அறையில இருக்கு."

அவர் கயிற்றறையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், சுற்றி நின்ற அறுபது பிள்ளைகளைப் பார்த்தார். அறுபது பேரும் படித்து முடித்திருந்தார்கள்.

"எழுத்தையாவது நேரா எழுதக் கூடாதா" என்றார்.

மருந்துக்கடைச் சீருடையோடு மகள் உள்பாதையில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். விளையாட்டு வாத்தியாரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஓடத் தொடங்கினாள். பாதிச் சுற்றிலேயே மூச்சு இரைத்தது, முகம் சிவந்தது, ஆனாலும் நிற்கவில்லை. நானூறு முடிந்த இடத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"எவ்வளவு சார்?"

வாத்தியார் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். பூஜ்யம்.

"அமுக்க மறந்துட்டேம்மா."

அவள் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தாள். பிறகு சீருடைக் கையை மடித்துவிட்டுக் கோட்டில் போய் நின்றாள்.

"இப்ப அமுக்குங்க சார்."