சுப்பையா அண்ணாச்சியின் குளிர்காலச் சக்கரங்கள்

குவைத்தில், மங்காஃபில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம். நான் முன்பு வேலை பார்த்த அபுதாபி ருவைஸ் கேம்பிலிருந்து முருகன் போன் செய்தான். "அண்ணே, சுப்பையா அண்ணாச்சி போயிட்டாரு." காலையில் டியூட்டிக்குப் போனவர் ஸ்டோரிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ஊருக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டேன். சொல்லிவிட்டார்களாம். "ஆனா கார் விஷயத்தை மதினிகிட்ட நீங்கதான் சொல்லணும்ணே. எங்களுக்கு வாய் வரல" என்றான். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ருவைஸில் அவரோடு இருந்தவர்களுக்குக் கார் கதை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணாச்சி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். கல்யாணமான சூட்டோடு வளைகுடாவுக்கு வந்து, ஹெல்பராக இருந்து ஸ்டோர் கீப்பராக உயர்ந்தவர். அவர் மனைவி பேச்சியம்மாள் மதினியோடு நாங்களெல்லாம் போனில் பேசியே பழகியவர்கள். மதினி ஒருமுறைகூட இங்கே வந்ததில்லை. "நான் ஊருக்குப் போறதே திரும்பி வர்றதுக்குத்தான். அவ ஒரு தடவையாவது வந்து, இத்தனை வருஷமா நான் எங்க கெடந்தேன்னு பாத்துட்டுப் போகணும்" என்பார் அண்ணாச்சி. அவருக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான்.

அதற்காகத்தான் காரே வாங்கினார். ஊர் திரும்பவிருந்த ஒரு கனடாக்கார இன்ஜினியரின் பழைய வெள்ளைக் கார் அது. அந்த மனிதர் சாவியோடு, துணி உறையில் பத்திரமாகக் கட்டிவைத்த நான்கு சக்கரங்களையும் கொடுத்து, "விண்டர் வீல்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தன் கட்டிலுக்கு அடியில் இரண்டு, அதே அறையில் என் கட்டிலுக்கு அடியில் இரண்டு. நான் கொஞ்சம் சிடுசிடுப்பானவன். ரப்பர் நாற்றத்தில் தூக்கம் வரவில்லை என்று நான் கத்தாத நாளில்லை. "கோவப்படாதலே, நவம்பர் வந்தா எடுத்துருவேன்" என்பார்.

நவம்பர் வந்தது. மதினி டிசம்பரில் விசிட் விசாவில் வருவதாக ஏற்பாடு. குடும்பத்தோடு இருந்த ஒரு நண்பர் தன் வீட்டில் ஓர் அறை ஒழித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காரைச் சர்வீஸுக்குக் கொண்டுபோனோம். ஆயில் மாற்றி, பிரேக் பார்த்து, வைப்பர் புதிதாகப் போட்டு, கடைசியில் கானின் டயர் கடையில் அந்த நான்கு சக்கரங்களையும் இறக்கினார். கான் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாய், யே பர்ஃப் கா டயர் ஹை. இதர் பர்ஃப் கிதர் ஹை?" பனி கொட்டுகிற ஊருக்கான டயர், இங்கே பனி எங்கே என்றார். அண்ணாச்சி அசரவில்லை. "விண்டர்ல விண்டர் டயர். ஜல்தி லகாவ், பாய்" என்று சீக்கிரம் மாட்டச் சொன்னார். மாட்டிக்கொண்டு வந்தோம். ரோடெங்கும் அது 'ஹூம்' என்று இரைந்தது.

அந்த டிசம்பரில் மதினி வரவில்லை. அண்ணாச்சியின் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. மார்ச்சில் சக்கரங்கள் கழன்று மறுபடி என் கட்டிலுக்கு அடியில் வந்தன. அடுத்த நவம்பரிலும் சர்வீஸ், அதே சக்கரங்கள். அந்த முறை மகளுக்குத் தலைப்பிரசவம். எந்தத் தாய் அதை விட்டுவிட்டு வருவாள்?

அந்த இரண்டாவது குளிர்காலத்தில் ஒருநாள், "வா, சும்மா போயிட்டு வருவோம்" என்று என்னை அபுதாபி ஏர்போர்ட்டுக்கு அழைத்துப் போனார். யாரும் வரவில்லை, யாரையும் அனுப்பவும் இல்லை. பார்க்கிங்கில் வண்டியை விட்டுவிட்டு, பயணிகள் வெளியே வரும் வாசலுக்கு எதிரே நின்றார். பெட்டி தள்ளிக்கொண்டு வரும் பெண்களையும், அவர்களை நோக்கி ஓடும் புருஷன்மார்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தாங்கவில்லை. "கார் வாங்கினதையாவது மதினிகிட்டச் சொல்லித் தொலைங்களேன்" என்றேன். "சொல்லிட்டா அப்புறம் பாக்குறதுக்கு என்ன இருக்கு?" என்றார். டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

வரும் வழியில் அந்த இரைச்சல் என் எரிச்சலைக் கிளப்பியது. "கான் சொன்னதுதான் சரி. இது பனிக்கு உள்ள டயர். தூக்கிப் போடுங்க, அண்ணாச்சி" என்றேன். "அது எனக்கு மொத வருஷமே தெரியும்லே. ஆனா இதை மாட்டுனாத்தான் அவ வரப்போறா மாதிரி இருக்கு" என்றார். அதன் பிறகு நான் ரப்பர் நாற்றத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பிறகு எனக்குக் குவைத்தில் வேலை கிடைத்து வந்துவிட்டேன். போன மாதம் பேசியபோது அவர் குரலே வேறாக இருந்தது. அம்மா காலமாகி வருஷம் திரும்பிவிட்டது, பேரன் நடக்கிறான், மதினியின் பாஸ்போர்ட் தயார், விசாவும் வந்துவிட்டது. "இந்தத் தடவை தடங்கலே இல்லலே" என்றார். எனக்கு அவர்மேல் கோபமாக வருகிறது. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா?

காரை விற்பதானால் மதினியின் சம்மதம் வேண்டும். அதனால் மறைக்க வழியில்லை. உடல் ஊர்போய்ச் சேர்ந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு போன் செய்தேன். அதையும் இதையும் பேசிவிட்டு, கடைசியில் சொன்னேன்.

"காரா? அவுகளுக்கு ஓட்டத் தெரியுமா, தம்பி?"

"நல்லா ஓட்டுவார், மதினி. மெதுவாத்தான் போவார்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீங்க ஏர்போர்ட்ல வந்து எறங்கும்போது பாக்கணும்னு வச்சிருந்தார்."

மதினி அழுதார். நானும் அழுதேன். வெகுநேரம் கழித்து, "நான் எங்க உக்காந்திருப்பேன்?" என்று கேட்டார்.

"முன் சீட்டுல, மதினி. அவருக்குப் பக்கத்துல."

"முன்னாலயா?" என்றார். அந்த அழுகைக்கு நடுவிலும் குரலில் ஒரு வெட்கம் வந்துபோனது.

அண்ணாச்சியின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான். அவர் காதால் கேட்டிருக்க வேண்டியது. நான் கேட்டேன்.