பாப்பாவைத் தேடிய ஊர்

எனக்கு எட்டு வயதாயிருந்தபோது ஓர் ஊரே திரண்டு என்னைத் தேடியது. ஆனால் தேடத் தொடங்கியபோது அவர்கள் தேடியது என்னையல்ல, என் அம்மாவைப் பெற்ற அப்பாவை. அவர் நான் பிறப்பதற்கு வெகு முன்பே தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் காலமானவர். ஐரோப்பாவில் ஓர் ஆற்றங்கரையில், திராட்சைக் கூடைகளுக்கு நடுவே, தன்னை அத்தனை பேர் தேடினார்கள் என்று தெரிந்திருந்தால் மனிதர் மிகவும் கூச்சப்பட்டிருப்பார்.

அம்மா ரங்கூனில் ஒரு பங்களாவில் ஆயாவாக இருந்தாள். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது கப்பலின் அடித்தளத்தில் விழுந்து போய்ச் சேர்ந்த பிறகு கிடைத்த வேலை அது. துரை அரிசி ஆலை ஒன்றின் மேனேஜர், இங்கிலீஷ்காரர். துரைசாணி பிரெஞ்சுக்காரி. வேலைக்காரர்களின் பிள்ளைகள் தோட்டத்தில் திரிவது துரைக்குப் பிடிக்காது. அதனால் நான் ரங்கூனிலேயே லான்மடாவ் பேட்டையில் மாமா வீட்டில் வளர்ந்தேன். வீடு என்றால் ஒரே அறை. அதில் மாமா, அத்தை, அவர்களுடைய பிள்ளைகள், அப்புறம் நான். அத்தை கெட்டவள் இல்லை. ஆனால் சோறு போடும்போது என் தட்டுக்கு வரும்வேளையில் அவள் கை கொஞ்சம் யோசிக்கும். அம்மாவை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் பார்ப்பேன். அவள்மேல் குழந்தைப் பவுடர் வாசனை அடிக்கும். அது எனக்குப் போட்ட பவுடர் இல்லை என்பதால் எனக்கு அந்த வாசனை பிடிக்காது.

பெரிய யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. துரைசாணி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய் வரக் கிளம்பினாள். குழந்தை அம்மா கையால் கொடுத்தால்தான் பால் குடிக்கும். ஆகவே அம்மாவும் போக வேண்டும். என் மகளும் வந்தால்தான் கப்பல் ஏறுவேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். துரைசாணி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள். என் பெருமைக்கு அளவேயில்லை. நான் இல்லாமல் ஒரு கப்பல் புறப்பட முடியாது என்று லான்மடாவ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

துரைசாணி ஏன் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்த ஊரில் அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். யுத்தத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளையில்லாதவள். ஒரு பெண் குழந்தை இருந்தால் வளர்த்துக்கொள்வேன் என்று அவள் தங்கையிடம் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். பாலும் ரொட்டியும் படிப்பும் கிடைக்கும், உன் பெண் ராணி மாதிரி இருப்பாள் என்று துரைசாணி அம்மாவிடம் பேச, அம்மா முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. போய்ப் பார்க்கிறேன் என்றிருக்கிறாள். மாமாவுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

கப்பலும் ரயிலுமாகப் போய்ச் சேர்ந்த ஊர் ரோன் என்கிற ஆற்றின் கரையில் இருந்தது. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்தாற்போல ஒரே ஒரு தெரு. தெருவுக்குப் பின்னால் மலை. மலை முழுக்கக் கல் வரப்புக் கட்டிப் படிப்படியாகத் திராட்சைச் செடிகள். அந்த ஆறு எனக்கு ஓர் ஆறாகவே படவில்லை. ரங்கூன் ஆறு பால் விட்ட தேநீரைப் போல இருக்கும். சம்பான்காரர்கள் துடுப்பு வலித்துக்கொண்டு அக்கரை டாலாவுக்குக் கூவிக் கூவி ஆள் ஏற்றுவார்கள். இது பச்சையாக, யாரையும் கூப்பிடாமல், எதற்கோ அவசரமாக ஓடியது. குறுக்கே கம்பியில் தொங்கும் ஒரு பாலம். அதில் காற்றடித்தால் துரைசாணியின் தொப்பியைக்கூட அம்மாதான் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும்.

அக்காதுரைசாணி (நான் வைத்த பெயர்) உயரமாக, எப்போதும் கறுப்பு உடுப்பில் இருப்பாள். சிரிக்கத் தெரியாதவள்போல முதலில் பயமாக இருந்தது. இரண்டு நாளில் பயம் போய்விட்டது. எனக்கென்று ஒரு கட்டில் போட்டாள். படுத்தால் ஆள் உள்ளே அமிழ்ந்துபோகும் இறகு மெத்தை. மரத்தில் குடைந்த செருப்பு வாங்கித் தந்தாள். நடந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். பர்மாப் பெண்கள் சந்தனம்போலப் பூசும் தனக்காக் கட்டையை அம்மா ரங்கூனிலிருந்து கொண்டுவந்திருந்தாள். அதைக் கல்லில் உரைத்துக் காலையில் என் கன்னத்தில் பூசுவாள். தெருப் பிள்ளைகள் அதைக் கோதுமை மாவு என்று நினைத்துச் சிரித்தார்கள். அக்காதுரைசாணி ஒருநாள் அதில் கொஞ்சம் தன் கன்னத்திலும் பூசிக்கொண்டு என் கையைப் பிடித்தபடி ரொட்டிக் கடைக்குப் போனாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் அம்மா எனக்கு நானே தலை பின்னிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாள். என் பாவாடையை நானே துவைக்கச் சொன்னாள். நான் சரியாகப் பின்னாவிட்டால் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னச் சொல்வாள். இங்கே வந்ததும் இவளுக்கு என்மேல் ஆசை குறைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு, அவளைப் பழிவாங்க அக்காதுரைசாணியுடனேயே ஒட்டிக்கொண்டு திரிந்தேன். அம்மா அதைப் பார்த்தும் என்னைத் திரும்பக் கூப்பிடமாட்டாள்.

திராட்சை பறிக்கும் காலம் வந்தது. மலை ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணுமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். செடியிலிருந்து வெட்டிய குலைகளை முதுகில் மாட்டிய கூடையில் சுமந்து இறக்கி, வீட்டு முற்றத்தில் இருந்த மரத்தொட்டிகளில் கொட்டினார்கள். சிலர் தொட்டிக்குள் இறங்கி மிதித்தார்கள். காலைக் கழுவிக்கொண்டு இறங்கினார்களா என்று நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். முற்றத்தின் ஒரு பக்கம் பூமிக்கடியில் போகும் படிகள். கீழே நிலவறையில் பெரிய பெரிய தொட்டிகளில் பழைய நாள் சாறு புளித்துக்கொண்டிருந்தது. அங்கே மட்டும் போகக்கூடாது என்று அக்காதுரைசாணி விரலை ஆட்டிக் காட்டியிருந்தாள். பேய் இருக்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

ஒரு பிற்பகல், துரைசாணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உறவினருக்குக் காட்டப் பாலத்துக்கு அந்தப்பக்கம் போயிருந்தாள். அக்காதுரைசாணி மலைமேல் பறிப்பவர்களோடு இருந்தாள். அம்மா அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முற்றத்து மூலையில் ஒரு சின்னத் தொட்டியில் சாறு நுரைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தகரக் குவளை. காலையில் இறக்கிய பதநீர் வெயிலேறினால் எப்படிப் பொங்கும், அதுபோல. குடித்துப் பார்த்தேன். தித்திப்பாக, நாக்கில் சுருக்கென்று சோடாவைப் போல இருந்தது. இன்னொரு குவளை குடித்தேன். அதற்குப் பிறகும் குடித்தேன் என்று நினைக்கிறேன், ஆனால் அதற்குப் பிறகு நடந்தது எதற்கும் நான் சாட்சியில்லை. ஆறு மலைமேல் ஏறுவதைப் போல இருந்தது. காலிக் கூடைகள் அடுக்கிய வண்டி ஒன்று சுவரோரம் நின்றது. கூடைகளுக்கு நடுவே ஏறி, சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன்.

மற்றதெல்லாம் அம்மா பிற்காலத்தில் சொல்லித் தெரிந்துகொண்டது.

அம்மா வெளியே வந்து பார்த்தால் என்னைக் காணோம். தொட்டியருகே என் மரச்செருப்பு மட்டும் கிடந்தது. அதுவரை அந்த ஊரில் யாரிடமும் உரக்கப் பேசியறியாத என் அம்மா, தெருவில் இறங்கி, "பாப்பா! பாப்பா!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். ஊர் திரண்டுவிட்டது. ஆனால் அவர்கள் பாஷையில் பாப்பா என்றால் அப்பாவாம். பாவம், இந்த இந்தியாக்காரி தன் தகப்பனைத் தொலைத்துவிட்டாள் என்று எல்லாரும் பதறிப்போய், மதுக்கடைகளிலும் கோயில் திண்ணையிலும் ஆற்றோரப் பெஞ்சுகளிலும் ஒரு கிழவரைத் தேடினார்கள். அம்மா கையை இடுப்பளவுக்குத் தாழ்த்தி, இவ்வளவு உயரம் என்று காட்டினாள். கூன் விழுந்த கிழவர் போலும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஓர் அம்மாள் நாற்காலி கொண்டுவந்து அம்மாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தானும் கூட அழுதாளாம்.

பாலத்தின் வழியே திரும்பி வந்த துரைசாணிதான் கூட்டத்தைப் பார்த்து ஓடிவந்து விஷயத்தை விளக்கினாள். அப்பா இல்லை, குழந்தை என்று தெரிந்ததும் கூட்டம் கிழவரைத் தேடுவதை விட்டுவிட்டது. எல்லாரும் ஆற்றைப் பார்த்தார்கள். பிறகு யாரோ நிலவறை என்று சொன்னார்கள். மலையிலிருந்து இறங்கி ஓடிவந்த அக்காதுரைசாணிக்கு அந்தச் சொல்லைக் கேட்டதுமே முகம் வெளுத்துவிட்டது.

சாறு புளித்துப் பொங்கும்போது ஒரு வாயு எழும். அதற்கு நிறமில்லை. கனமானதால் தரையோடு தேங்கி நிற்கும். தெரியாமல் இறங்கியவர்கள் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவார்கள். அக்காதுரைசாணி ஒரு நீளக் கழியின் நுனியில் மெழுகுவத்தியைக் கட்டி ஏற்றி, படிகளின் வழியே மெல்லக் கீழே இறக்கினாள். அம்மாவுக்கு யாரும் எதையும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. சுடர் ஒவ்வொரு படியாக இறங்கியது. கீழ்ப்படிக்குப் போனதும் சிறுத்து, நீலமாகி, யாரும் ஊதாமலே அணைந்தது. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. படியில் பாய்ந்து இறங்கப் போனவளை அக்காதுரைசாணி கழியைப் போட்டுவிட்டு இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவள் கையைக் கடித்திருக்கிறாள். அப்படியும் அவள் விடவில்லை.

அந்தக் கூச்சலில்தான் எனக்கு விழிப்பு வந்தது. தலை கனத்தது. வண்டியிலிருந்து இறங்கிப் பார்த்தால், முற்றம் முழுக்க ஆட்கள், எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ வேடிக்கை நடக்கிறது, என்னை எழுப்பாமல் விட்டுவிட்டார்களே என்று ஆத்திரமாக வந்தது. கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து முன்னால் போய், அம்மாவின் பக்கத்தில் நின்று நானும் அந்தப் படிகளுக்குள் எட்டிப் பார்த்தேன். இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

"உள்ளே யாரும்மா?" என்று கேட்டேன்.

அம்மா திரும்பினாள். என் முகமெல்லாம், கையெல்லாம் திராட்சைச் சாறு காய்ந்து ஊதாவாக இருந்தது. அதை ரத்தம் என்று நினைத்து ஒரு நொடி, பிறகு வாடை அடித்துப் புரிந்துகொண்டு ஒரு நொடி. பளீரென்று கன்னத்தில் ஓர் அறை. அந்த அறை முடிவதற்குள் என்னைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். எலும்பு நொறுங்கும்போல இருந்தது. முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள், சிரித்தார்கள், தொப்பியை மேலே எறிந்தார்கள். என் அம்மாவுக்கு நாற்காலி போட்ட அம்மாள் என் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அக்காதுரைசாணி மட்டும் நிலவறைப் படியில் அப்படியே உட்கார்ந்து, கடிபட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலையில் அம்மா துரைசாணியிடம் போய் நின்றாள். நான் வாசலில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"தொரசானி, பாப்பா என்கூடவே வரட்டும்," என்றாள் அம்மா. "இங்க விட்டுட்டுப் போக என்னால முடியாது."

துரைசாணி அக்காவிடம் அதைச் சொன்னாள். அக்கா தலையை அசைத்தபடி இரண்டு வார்த்தை பேசினாள்.

"அக்காவுக்கு நேத்தே தெரியும்னு சொல்லுது," என்றாள் துரைசாணி தன் உடைந்த தமிழில். "ஆயா கடிச்சப்பவே தெரிஞ்சுது, சொல்லுது."

அம்மா போய் அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்கு விளங்கியது ஒன்றுதான். குடித்ததற்குத் தண்டனையாக என்னை இந்த ஊரில் இருக்கவிடாமல் கூட்டிக்கொண்டு போகிறாள். இறகு மெத்தை போயிற்று. வளர்ந்துவிடுவேன், ஒரு வருஷம்கூடத் தாங்காது என்று மரச்செருப்பையும் அம்மா அங்கேயே தெருப் பிள்ளை ஒருத்திக்குக் கொடுக்க வைத்தாள். கப்பலில் ஏறியதும் இன்னொரு இடி. பங்களா வேலையை விடப்போவதாகச் சொன்னாள்.

"லான்மடாவுலயே ஒரு ரூம் பாத்துக்கிடுவோம். நான் ஆப்பம் சுட்டு விக்கிறேன். நீயும் நானுமா இருந்துக்கலாம்," என்றாள்.

லான்மடாவில் பெருமையடிக்க இருந்த பங்களாவும் போயிற்று! நாலு குவளைச் சாற்றுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று நான் கடலைப் பார்த்துக் குமுறிக்கொண்டிருந்தேன். அம்மாவோ என் குமுறலைக் கொஞ்சமும் மதிக்கவில்லை. போகும்போது வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தவள், திரும்பும்போது இரண்டாள் சோறு சாப்பிட்டாள். மற்ற ஆயாக்களோடு கதை பேசிச் சத்தம் போட்டுச் சிரித்தாள். எனக்குத் தலை பின்னுவதை மறுபடி அவளே எடுத்துக்கொண்டாள். நானே பின்னிக்கொள்கிறேன் என்று முறைத்தால், என் கையைத் தட்டிவிடுவாள்.

ரங்கூன் ஆற்றுக்குள் கப்பல் நுழைந்தது. தூரத்தில் புத்தர் கோயில் பகோடாவின் தங்கம் தெரிந்ததும் தளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். துறையில் மாமா நின்றிருந்தார். அம்மாவைத் தேடிக் கையை ஆட்டியவர், அவள் பின்னால் நான் இறங்குவதைக் கண்டதும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"அமலே!" என்று, நம் அம்மாடிக்குப் பதில் பர்மாக்காரரைப் போலக் கூவினார். "பாப்பாவா? நீ ஒத்தையா வருவேன்னுல்ல நெனச்சுக்கிட்டு நிக்கிறேன்!"

"ஒத்தையாத்தாண்ணே வந்திருப்பேன்," என்றாள் அம்மா. "இவ குடிச்ச குடிதான் என்னையக் காப்பாத்துச்சு."

என் காதில் விழுந்தது குடி என்ற ஒரு சொல்தான். கப்பலை விட்டு இறங்கிக் கால் காய்வதற்குள் மாமாவிடமும் கோள் சொல்லிவிட்டாளே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இனி அத்தைக்குத் தெரியும், லான்மடாவ் முழுக்கத் தெரியும். அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மாமா தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பெண் கொஞ்சம் பழச்சாறு குடித்ததற்கு இவ்வளவு பெரிய ஆள் அழுவாரா என்று, முந்தானைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.