பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்த படம்

பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவது என் வேலை. 'தோல் நிறம்' என்று எழுதிய டப்பாவில் இருப்பது வெளிர் ரோஸ். விருத்தாசலத்தில் அந்தத் தோலோடு ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அதையே பூசிப் பூசி அலுத்துப்போய்த்தான், ஒரு விடுமுறையில் ஆப்பிரிக்கப் பழங்குடிப் பெண் ஒருத்தியின் முகத்தைச் செய்ய உட்கார்ந்தேன்.

எந்த நாடு, எந்தக் குடி என்று செல்போனில் பார்த்த போட்டோவில் போட்டிருக்கவில்லை. 'பழங்குடி அழகி' என்று மட்டும் இருந்தது. அவளுக்கு அது போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல. பிளைவுட்டில் சாக்கை ஒட்டினேன். சூளையில் உடைந்த பீங்கான் சில்லுகள் கழுத்துக்கு, சோழிகள் காதுக்கு, செம்புக் கம்பி தலைமுடிக்கு. கன்ன எலும்பும் உதடும்தான் சரியாக வரவில்லை. கண்ணாடியை எதிரே வைத்து, என் முகத்தைப் பார்த்தே முடித்தேன். நிறத்துக்கும் வேறெங்கும் போகவேண்டியிருக்கவில்லை. அப்பா அதை ஹாலில் மாட்டினார்.

அந்த ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். முன்பு வந்தவர்கள் எல்லாம் கேசரியைப் பாராட்டிவிட்டுப் போனவர்கள். இந்த இடமாவது அமைய வேண்டும் என்று அம்மா பழமலைநாதரிடம் வேண்டியிருந்தாள். மாப்பிள்ளை நிறைய படிக்கிறவர் என்று கேள்விப்பட்டதில் எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். அவர் என்னைவிடக் கறுப்பு. ஆண்களுக்கு அதன் பெயர் களை.

அவருடைய அம்மா உள்ளே வந்ததும் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"யாருங்க செஞ்சது? இந்தக் கறுப்புதாங்க அழகே. மூஞ்சி எவ்ளோ லட்சணமா இருக்குது பாருங்க."

மாப்பிள்ளை அதன் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டார். பஜ்ஜித் தட்டோடு நின்ற எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் தரகர் வந்தார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டுதான் ஆரம்பித்தார்.

"பொண்ணு நல்ல கொணந்தாங்க. நெறந்தான் கொஞ்சம் கம்மின்னு யோசிக்கிறாங்க."

டீயை ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க, அந்தப் படத்த மட்டும் குடுப்பாங்களான்னு கேட்டாங்க. புது வூட்டு ஹாலுக்குப் பொருத்தமா இருக்குமாம்."

"குடுக்கலாங்க," என்றேன். "பூ, பழம், தட்டோட வந்து மொறையா கேக்கச் சொல்லுங்க."

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அம்மா தம்ளரை எடுத்துக்கொண்டு, படத்தைப் பார்த்தாள்.

"குடுத்திருக்கலாம்டி," என்றாள். "அதுவாவது நல்ல எடத்துக்குப் போயிருக்கும்."