மெழுகு சுட்ட விரல்

போன வருடம் தவக்காலத்தில், சேலத்தில் எங்கள் வீட்டு வாசலில் தட்டுவடை சுட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய்ச் சட்டி சரிந்து என் வலது கையில் கொட்டிவிட்டது. அந்த வியாபாரம்தான் எங்கள் பிழைப்பு. ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் எனக்கு ஒரே ஜெபம்தான்: "ஆண்டவரே, இந்த வலியை எடுத்துவிடும்."

வலி போயிற்று. கூடவே உணர்ச்சியும் போயிற்று. புண் ஆறியும் விரல்கள் மரத்தே கிடந்தன. நரம்பு கெட்டிருக்கிறது என்றார்கள். ஒருநாள் தோசைக்கல்லில் கை வைத்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை! கருகிய வாசனை வந்து என் வீட்டுக்காரர்தான் ஓடிவந்து இழுத்துவிட்டார். "இனி அடுப்புப் பக்கமே வராத புள்ள" என்று சொல்லிவிட்டு அந்த மனுசன் அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை. எதற்கு என்னை உயிரோடு விட்டாய் என்று மாதாவிடம் சண்டை போட்டேன்.

பிசியோதெரபி கொடுத்த பெண் லேசில் விடுகிற ஆள் இல்லை. இறுகிப்போன விரல்களைப் பிடித்து நீட்டுவாள், மடக்குவாள். வீட்டில் பஞ்சாலும் சாக்காலும் மாற்றி மாற்றித் தேய்க்கச் சொன்னாள். ஒரு கிண்ணம் ஜவ்வரிசிக்குள் ஏதாவது பொருளைப் போட்டு, கண்ணை மூடித் தேட வேண்டும். வீட்டுக்காரர் என் ஜெபமாலையையே போட்டுவிட்டார். துழாவித் துழாவிப் பார்த்தேன். எது ஜவ்வரிசி, எது மணி என்று தெரியவில்லை.

"எப்பத்தாம்மா உணர்ச்சி வரும்?" என்று அவளிடம் கேட்டேன்.

"நரம்பு மெதுவாத்தான் துளிர்க்குமுங்க அக்கா. சுருக்குன்னு வலிச்சா நல்லதுன்னு நெனச்சுக்கங்க" என்றாள்.

அன்றே ஜெபத்தை மாற்றினேன். "ஆண்டவரே, வலியைத் தாரும்." பைத்தியக்காரிதான் இப்படிக் கேட்பாள். கேட்டேன். பயிற்சியையும் விடவில்லை.

இந்தப் பிப்ரவரியில், கோயிலில் மெழுகுவர்த்திகளை மந்திரித்து ஏந்திப் போகும் திருநாள். காலைப் பவனியில் மெழுகுவர்த்தியை இடது கையில் பிடித்து, காற்றில் அணையாமல் வலது கையால் மறைத்துக்கொண்டு நடந்தேன். மெழுகு ஒரு சொட்டு ஆள்காட்டி விரலில் விழுந்தது.

"அய்யோ, சுடுதுங்க!"

பாட்டு நின்றது. பங்குச் சாமியார் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க புள்ள? எங்க சுட்டுச்சு?" என்று பதறினார்.

"இந்த விரல்லதாங்க! நெசமாலுமே சுடுதுங்க!"

இருவரும் நடுத்தெருவில் நின்று அழுதோம். வெட்கமே இல்லை.

மறுநாள் பிசியோதெரபிப் பெண் ஊசி முனையால் தொட்டுப் பார்த்தாள். இரண்டு விரல்களில் உணர்ச்சி திரும்பியிருந்தது. மற்றதும் வரலாம், பயிற்சியை விடாதீர்கள், சூட்டில் கவனம் என்றாள். இப்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க, மறுபடியும் சட்டி வைத்திருக்கிறேன்.

கை கால் மரத்து, மனமும் மரத்து உட்கார்ந்திருக்கிற என் சகோதர சகோதரிகளே, முழங்காலில் நின்று கேளுங்கள். எழுந்து பயிற்சிக்கும் போங்கள். அவர் தருவது நாம் கேட்ட மாதிரி இல்லாவிட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேற்று கண்ணை மூடிக் கிண்ணத்தில் கை விட்டேன். ஜவ்வரிசிக்கு நடுவே ஜெபமாலையின் சிலுவை குத்தியது. நன்றாகக் குத்தட்டும் ஆண்டவரே. உமக்கு நன்றி.