கல்முனையில் பந்து பார்க்கப் போகும் பெண்களுக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மட்டக்களப்பில் இருந்து கல்முனைக்கு உதைபந்தாட்டம் பார்க்கப் போய் வந்தேன். எழுபத்து நான்கு வயதில் இது தேவையா என்று மகள் கேட்டாள். தேவைதான். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செலவைப் படித்துவிட்டு யாரும் என்னைப் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம்.

கல்முனையில் எங்கள் வீடு மைதானத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளில் இருந்து நான் பார்த்த எல்லா ஆட்டமும் அந்த வீட்டின் மேல்தட்டில் இருந்து பார்த்தவை. என் கணவர் ஊர்க் கழகத்தின் செயலாளர். அவர் கீழே, கோட்டின் ஓரமாகக் குடையோடு நிற்பார். மைதானத்துக்குள் பெண்களுக்கு இடம் இருந்ததில்லை. “ஒரு நாளைக்கு பவிலியன் கட்டுவம். அண்டைக்கு உன்னக் கதிரையில இரித்திப் பாக்க வைக்கன்” என்பார். அவர் கண்ணை மூடி, மவுத்தாகி, மூன்று வருடம். பவிலியன் இப்போதுதான் எழும்பியிருக்கிறது. சம்பளத்துக்கு ஆடும் வீரர்களைக் கொண்டு ஒரு லீக்கும் தொடங்கியிருக்கிறார்கள். நான் மட்டக்களப்பில் மகளோடு இருக்கப் போய்விட்டேன். வீட்டை வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கதிரையில் ஒரு முறை உட்கார்ந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் புறப்பட்டேன்.

மட்டக்களப்பில் பகல் ஒன்றரைக்குப் பஸ். நாற்பது கிலோமீற்றர் அளவில் தூரம், கட்டணம் நூற்றெண்பது ரூபா. சனிக்கிழமை என்பதால் களுவாஞ்சிக்குடி வரை நின்றுகொண்டுதான் போனேன். என் நரை முடியைப் பார்த்து ஒருவரும் எழும்பவில்லை. கல்முனை பஸ் நிலையத்தில் இருந்து மைதானத்துக்கு ஆட்டோவில் இருநூற்றைம்பது. கேட்டது முந்நூறு.

“மெச்சுக்கா மாமி?” என்றார் ஆட்டோக்காரர்.

“ஓம். நீங்க போறல்லியா?”

“எங்க மாமி. ஆக்கொறஞ்ச டிக்கட் ஐந்நூறு. நானும் மூணு புள்ளையளும் பெய்த்தா ரெண்டாயிரம். உள்ளுக்க தண்ணி, ரோல்ஸ் எண்டு கேப்பானுகள். ஒரு நாள் ஒழைப்பு அப்படியே பெய்த்திரும். முந்தி ஹாஃப் டைமுக்குத் தொறந்து உடுவாங்களே, அதும் இப்ப இல்ல.”

அந்த வழக்கத்தை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் காசுக்கு நடக்கும் எந்த ஆட்டமானாலும் இடைவேளை விசில் ஊதியதும் வாசலைத் திறந்துவிடுவார்கள். டிக்கட் வாங்க முடியாதவர்கள் இரண்டாம் பாதியைச் சும்மா பார்க்கலாம். அது தருமம் அல்ல, பார்க்கிறவனின் உரிமை என்பது என் கணவரின் கொள்கை. கேட்டை அவரே போய்த் திறப்பார்.

மைதானத்தைச் சுற்றிப் பச்சைத் தறப்பாள் கட்டியிருந்தார்கள், வீதியில் நிற்பவன் கண்ணுக்குப் புல்லின் ஒரு நுனிகூடத் தெரியாதபடி. டிக்கட் கொடுக்கும் இடத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. பவிலியன் கதிரைக்கு ஆயிரத்தைந்நூறு நீட்டினேன். மூன்றாம் வரிசை, ஓரக் கதிரை கிடைத்தது. அந்தத் துளைக்குள்ளால் என் கையும் காசும் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

வாசலில் முதலில் என் பையைச் சோதித்தார்கள். நான் கொண்டுபோன இஞ்சித் தேத்தண்ணிப் போத்தலை எடுத்து வெளியே வைத்தார்கள். உள்ளே விலைப்பலகை தெரிந்தது: சின்னத் தண்ணீர்ப் போத்தல் நூற்றைம்பது, ரோல்ஸ் இருநூறு, கச்சான் கடலைச் சுருள் நூற்றைம்பது. அதே சுருள் வெளியே மதிலோரம் ஐம்பது ரூபா. அதன் பிறகுதான் டிக்கட் பார்க்கும் தாடிக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

“மாமி, பொம்புளையளுக்கு உள்ளுக்க எடம் போடல்லியே.”

“அப்ப எனக்கு ஏன் வித்தீங்க?”

“விக்கிற ஆள் வேற, விடுற ஆள் வேற.”

“காசத் திருப்பித் தாங்க.”

“வித்தா வித்ததுதான் மாமி. குடும்பக் கதிரை அடுத்த வரிசம் போடுவாங்க. கவலப்படாதீங்க, அந்தா நீலக் கேட்டு வூடு, அதுட மேல்தட்டுல பொம்புளையள் இரிந்து பாக்காங்க. ஆளுக்கு முந்நூறுதான்.”

நீலக் கேட்டை நான் அறிவேன். அந்த நிறத்தைத் தெரிவு செய்தவள் நான்.

கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களுக்குக் கற்றுத்தந்த முதல் பாடம், வீதியில் குரலை உயர்த்தக் கூடாது என்பது. தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு வீதியைக் கடந்தேன். மேல்தட்டுக்கு ஏறும் வெளிப்படியின் அடியில், மடியில் பிஸ்கட் தகரத்தோடு நஸீமா உட்கார்ந்திருந்தாள். என் வீட்டில் குடியிருப்பவள். புருஷன் கட்டாரில் வேலை.

“மாமி, வாறண்டு ஒரு ஃபோன் எடுத்திரிக்கலாமே,” என்று எழும்பினாள். “நீங்க சும்மா ஏறுங்க.”

“எனக்குச் சும்மா ஏறிப் பழக்கமில்ல,” என்று முந்நூறு ரூபாவை நீட்டினேன். மறுப்பாள் என்று நினைத்தேன். வாங்கித் தகரத்தில் போட்டாள்.

மேலே முப்பது பேர் இருப்பார்கள். பிளாஸ்டிக் கதிரை, கச்சான், பிளேன்டீ எல்லாம் நஸீமாவின் மகள் விற்றுக்கொண்டிருந்தாள். பிளேன்டீ நூறு ரூபா. அதே இடத்தில் நான் பெரிய கேத்தலில் ஊற்றி ஊர்ப் பெண்களுக்குக் கொடுத்திருக்கிறேன். நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. எங்கள் கழகத்தின் சட்டையில் இருந்தவர்களில் இரண்டு பேரைத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. பவிலியனில் மூன்றாம் வரிசை ஓரக் கதிரையைத் தேடிப் பார்த்தேன். காலியாக இருந்தது. சிறிது நேரத்தில் பின்னால் இருந்த ஒருவர் அதன் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

முதல் பாதியில் கோல் விழவில்லை. இடைவேளை விசில் ஊதியதும் கீழே நீலக் கேட் தட்டப்பட்டது. எட்டிப் பார்த்தேன். மைதான வாசலில் கூட்டமாக நின்ற ஆண்களைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் கேட்டடியில் பெண்கள் நின்றார்கள். முன்னால் ஹலீமா ராத்தா, இடியப்பம் அவித்து விற்கிறவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முதல் பாதி முழுக்க மதிலடியில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“நஸீமா, ஹாஃப் டைமுக்கு ஊதிட்டான். கேட்டத் தொறகா,” என்றார் ராத்தா.

“இது லீக் மெச் ராத்தா. இதுக்கு ஹாஃப் டைம் கணக்கில்ல. முந்நூறு.”

நான் படியிறங்கிப் போனேன்.

“நஸீமா, இந்த வூட்டுல அப்படி ஒரு கதை இல்ல. கேட்டத் தொற.”

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. “மாமி, தையில வாடகையில நாலாயிரம் கூட்டினீங்க. அது எங்க இரிந்து வாறண்டு நெனச்சீங்க? கட்டார்ல இரிந்தா? இந்தா, இந்தத் தகரத்துல இரிந்துதான் ஒங்கட பேங்குக்கு வாற.”

பெண்கள் எல்லோரும் கம்பிக்குள்ளால் என்னைப் பார்த்தார்கள். வாடகையைக் கூட்டியதில் பிழையில்லை. அந்த வீதியில் எல்லோரும் கூட்டினார்கள். ஆனால் அந்தக் கேட்டில் நின்று சொல்கிற கதை அல்ல அது. கொண்டியைக் கழற்றினேன்.

“எத்தன பேரெண்டு எண்ணு. இந்த மாச வாடகையில கழிச்சிக்க.”

“மத்த மெச்சுகளுக்கு?”

“அதுகளுக்கும்.”

மேலே போனால் நன்றி காத்திருக்கும் என்று எண்ணியிருந்தால் நான் முட்டாள். கருநீல அபாயா போட்ட ஒருத்தி எழும்பி, “அப்ப நாங்க குடுத்த சல்லி? பாதியத் தாங்க மாமி,” என்றாள்.

“நீங்க முதல் பாதியும் பாத்தீங்கதானே மகள்.”

“அதுல ஒண்டும் நடக்கல்லியே.”

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைதானம் இரைந்தது. திரும்புவதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது. அந்த ஆட்டத்தின் ஒரே கோல் அது. என் கண்ணால் பார்க்கவில்லை. ஹலீமா ராத்தா பார்த்தார். “வெளியூர்ப் புள்ளதான் அடிச்ச. ஆனா நல்ல அடி,” என்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, “ஒங்கட மனிசன் இரிந்தா கொடைய ஆகாசத்துக்கு எறிஞ்சிரிப்பாரு,” என்றார். என் போத்தலில் இருந்த இஞ்சித் தேத்தண்ணியை இரண்டு பேரும் குடித்தோம்.

ஆக, பஸ்ஸும் ஆட்டோவும் போக வர எண்ணூற்று அறுபது, உட்காராத கதிரைக்கு ஆயிரத்தைந்நூறு, என் சொந்த மேல்தட்டுக்கு முந்நூறு. அந்த மாத வாடகை ஐயாயிரத்து நூறு குறைந்து வந்தது. பதினேழு பேர், பாதி ஆட்டத்துக்கு முழுக் காசு கழித்திருக்கிறாள். என் கணவர் ஒரு கொண்டியைத் தூக்கிச் செலவில்லாமல் செய்த வேலை இப்போது இந்த விலை.

போக நினைக்கும் பெண்கள் பவிலியன் டிக்கட் வாங்காதீர்கள். வாங்குவதானால் துளையில் கேட்காமல் வாசலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் முன் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டால் உட்கார இடம் கிடைக்கும். முதல் பாதி பார்க்க வேண்டுமானால் முந்நூறு கொடுங்கள். அது நஸீமாவின் வியாபாரம். வேண்டாமென்றால் மதிலோரம் ஐம்பது ரூபாவுக்குக் கச்சான் வாங்கித் தின்றுகொண்டு விசிலுக்குக் காத்திருங்கள். விசில் ஊதியதும் நீலக் கேட்டைத் தள்ளுங்கள். பூட்டியிருந்தால் தட்டுங்கள். காசு கேட்டால், வாடகையில் கழித்தாயிற்று என்று சொல்லுங்கள்.