மடியில் இருந்த குழல்

கல்லூரியில் நான் என்ன படிக்கிறேன் என்று அய்யாவுக்குக் காட்ட என்னிடம் எதுவும் இருந்ததில்லை. மதிப்பெண் அட்டையைக் கொடுத்தால் வாங்கி, காகிதம் கெட்டியாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். புத்தகங்களும் அப்படித்தான். செங்கோட்டையிலிருந்து தென்காசி மரக்கடைகளுக்குத் தடி ஏற்றி மாட்டுவண்டி ஓட்டுகிறவர் அவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான். விடுமுறைக்கு ஆய்க்குடிக்கு வரும்போதெல்லாம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்பார்.

"அங்கன என்னதாம்லே படிக்கே?"

பொருளாதாரம் என்பேன். "சரி" என்பார். ஒன்றும் புரியவில்லை என்பதும், மேற்கொண்டு கேட்கத் தனக்குத் தகுதியில்லை என்று அவர் நினைப்பதும் அந்த ஒரு சொல்லில் சேர்ந்தே இருக்கும். அதைக் கேட்கும்போது எனக்கு எங்கேயாவது எழுந்து போய்விடலாம் போலிருக்கும்.

திருநெல்வேலியில் நான் படித்த கல்லூரியின் இசை அறை அலமாரியில் ஒரு மூங்கில் குழல் கிடந்தது. முன்பு படித்த யாரோ விட்டுப்போனது. நுனியில் விரிசல் விட்டு, நூல் சுற்றி வைத்திருந்தார்கள். கேட்பாரில்லாமல் கிடந்ததை எடுத்து ஊதிப் பார்த்தேன். ஒரு மாதம் காற்றுத்தான் வந்தது. பிறகு சத்தம் வந்தது. விடுதி வானொலியில் கேட்டதையெல்லாம் ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்து ஊதி ஊதி, இரண்டாம் வருடத்தில் ஒரு பாட்டை முழுதாக வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் தோன்றியது. இதை அய்யாவுக்குக் காட்டலாம். இதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. காது போதும்.

எங்கள் ஆங்கில விரிவுரையாளருக்குப் பாட்டில் ஆசை உண்டு. அவர் சேர்த்த இசைக்குழுவில் நாங்கள் நான்கு பேர். சுரண்டையிலிருந்து வந்த, வாயே திறக்காத ஒருவன் வயலின். தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பையன் டோலக். நான் குழல். நான்காமவன்தான் குழுவுக்கு முகம். அவனே பாடுவான், அவனே ஆர்மோனியம் வாசிப்பான். ஆர்மோனியமும் அவனுடையதுதான். தென்காசியில் பெரிய வக்கீலின் மகன். வீட்டில் கார் இருந்தது.

அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். குரல் உண்மையிலேயே நல்ல குரல். தோளில் கை போட்டுத்தான் பேசுவான். என் வீட்டைப் பற்றியோ என் சட்டையைப் பற்றியோ ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னதில்லை. பக்கத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவன் நினைவில் தங்காது. அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவோடு ஒரு வருடம் சேர்ந்து வாசித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு என்று தெரியும்.

விடுமுறை நாட்களில் ஒத்திகை தென்காசியில் அவன் வீட்டில் நடக்கும். பத்து மணிக்கு என்று சொல்லியிருப்பான். நான் ஆய்க்குடியிலிருந்து நடந்து போய்ச் சேருவேன். அவன் அத்தை மக்களோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருப்பான். அவன் அம்மா காப்பி கொடுத்து, "இப்ப வந்துருவான், இருங்க தம்பி" என்று சொல்வார்கள். அந்த அம்மாவின் நல்ல மனசினாலேயே எங்களுக்குக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. ஈரத் தலையோடு வருவான், உள்ளே போய்ச் சாப்பிடுவான், எங்களுக்கும் இலை போடச் சொல்ல அவனுக்குத் தோன்றாது, பிறகு ஆர்மோனியத்தின் முன் உட்காருவான். அவனுக்கு அலுத்த நேரத்தில் ஒத்திகை முடியும். குழல் கல்லூரிச் சாமான் என்பதால் விடுமுறையில் மற்ற வாத்தியங்களோடு அவன் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கும்.

அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆகாதது சுருதிதான்.

ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை ஆதாரமாக வைத்துப் பாடுகிறோமோ அதுதான் சுருதி. என் குழல் இரண்டு கட்டைக்குச் செய்தது. வயலின்காரன் சுருதியை மாற்ற வேண்டுமென்றால் முளையைத் திருகிக்கொள்வான். டோலக்குக்கு அந்தக் கவலையே இல்லை. ஆர்மோனியக்காரனோ விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். மூங்கிலில் துளை போட்டது போட்டதுதான். சுருதியை இறக்கினால் எனக்கு வேறு குழல் வேண்டும். கல்லூரியில் இருந்தது இது ஒன்றுதான்.

இதை நான் அவனிடம் முதல் நாளே சொன்னேன். பிறகும் சொன்னேன். தலையை ஆட்டுவான். மறுநாள் தொண்டை சரியில்லையென்றால் அரைக் கட்டை இறக்கிக்கொள்வான். இறக்கிவிட்டேன் என்றுகூடச் சொல்ல மாட்டான். ஊத ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரியும். விரிவுரையாளரிடம் முறையிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா, பாட்டு அவன்தானே" என்றார்.

அட்ஜஸ்ட் பண்ணப் பழகினேன். குழலை உதட்டுக்குள் உருட்டிப் பிடித்து ஊதினால் அரைக் கட்டை வரை இறங்கும். சத்தம் மெலிந்து, நோயாளி பேசுவதுபோல வரும். கைதேர்ந்தவர்கள் விரல் மாற்றிச் சமாளிப்பார்களாம். நான் தானாகப் பழகியவன், அது எனக்கு வராது. இப்படி உருட்டி உருட்டி ஒப்பேற்றியதில், குழலை எப்படி வேண்டுமானாலும் இறக்கலாம் என்று அவன் நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

டோலக்காரன் ஒருநாள் தாங்காமல் என்னிடம் சொன்னான்: "அவன் பாட்டுக்கு ஏறுதான், அவன் பாட்டுக்கு எறங்குதான். நீ என்னடே பஸ்ஸா, நிறுத்தி நிறுத்தி ஏத்திக்கிட்டுப் போக?"

அந்த வருடம் சீசனுக்குக் குற்றாலத்தில் எங்கள் குழு வாசிக்க ஏற்பாடாயிற்று. குளிக்க வருகிற கூட்டம் நின்று கேட்கும்படி, பழக்கடைகளுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு மேடை. இரண்டாவது பாட்டின் தொடக்கத்தில் குழல் மட்டும் தனியாக வரும். விரிவுரையாளரே போட்ட மெட்டு அது. வேறு எந்த வாத்தியமும் இல்லாமல் நான் மட்டும். அதைச் சொல்லித்தான் அய்யாவைக் கூப்பிட்டேன்.

"நான் எதுக்குலே? அங்கன பெரிய மனுசம்மாரு வருவாக" என்றார்.

பின்னால் நின்று கேட்டால் போதும் என்றேன். ரெண்டாவது பாட்டுக்கு முன்னால் நான் மட்டும் ஊதுவேன் என்றேன். அவர் நுகத்தடிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். படுக்கப் போகும்போதுதான், செங்கோட்டைக்கு ஒரு லோடு இருக்கிறது, திரும்பும்போது வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் அம்மா அவருடைய நல்ல வேட்டியைத் துவைத்துப் போட்டாள்.

கச்சேரியன்று காலையிலேயே நாங்கள் குற்றாலம் போய்விட்டோம். நல்ல சாரல். மலை தெரியவில்லை. சாயங்காலம் பாட வேண்டியவன், விரிவுரையாளர் கெஞ்சக் கெஞ்ச, எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனான். ஒரு முங்கு முங்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனவன் மத்தியானம்தான் வந்தான். வரும்போதே கண் சிவந்து, தொண்டை கட்டியிருந்தது. மிளகுப்பால் குடித்தான். வெந்நீரில் கொப்பளித்தான். எல்லோரும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேடையேறும் முன் நான் அவன் பக்கத்தில் போய், "ரெண்டு கட்டைதானே?" என்று கேட்டேன்.

"பாத்துக்கலாம்டே" என்று தோளில் தட்டினான்.

மேடையிலிருந்து பார்த்தபோது அய்யாவைச் சட்டென்று கண்டுகொண்டேன். கூட்டத்துக்குப் பின்னால், நேந்திரங்காய் வறுக்கிற கடையின் ஓரத்தில், சாரலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். வெள்ளை வேட்டி. வண்டியை எங்கேயோ அவிழ்த்துப் போட்டிருக்கிறார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கவில்லை. நிமிர்ந்து நின்றார்.

ஆர்மோனியம் ஆரம்பித்தது. நான் குழலை உதட்டில் வைத்து முதல் சுரத்தைப் பிடித்தேன். ஒரு முழுக் கட்டை கீழே இறக்கியிருந்தான். என் சத்தம் அவன் சத்தத்தின்மேல் மோதிப் பிசிறடித்தது. உருட்டிப் பார்த்தேன், இன்னும் உருட்டினேன், காற்றுத்தான் வந்தது. வயலின்காரன் தலையைக் குனிந்து முளையைத் திருகிக்கொண்டிருந்தான். ஆர்மோனியக்காரன் என் பக்கம் திரும்பி, முகத்தைச் சுளித்து, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். குழலை மடியில் வைத்தேன்.

முதல் பாட்டு முடிந்ததும் குனிந்து அவன் காதில் சொன்னேன், அடுத்ததுக்கு மட்டும் ஏற்றிக்கொள், குழல் தனியாக வருகிறது என்று. அவன் கேட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது பாட்டு வந்தது. எனக்குரிய இடத்தை அவனே ஆர்மோனியத்தில் வாசித்துவிட்டான். நன்றாகவே வாசித்தான். கூட்டம் கைதட்டியது. கடையோரத்தில் அய்யா தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு காதை மேடைப் பக்கம் சாய்த்து நின்றார். பாட்டு பாதி போன பிறகும் அப்படியே நின்றார். பிறகு துண்டை மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டார்.

மற்றப் பாட்டுகள் முடியும்வரை நான் குழலை மடியில் வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போனால் குழுவுக்கு அவமானம். போகாமல் இருந்தது எனக்கு.

முடிந்ததும் வாத்தியங்களை எல்லாம் பெட்டியில் வைத்து அவன் வீட்டுக் காரில் ஏற்றினார்கள். குழலும் அதில் போய்விட்டது. அவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம், "ஏம்டே ஊதல? மேடையப் பாத்து பயந்துட்டியா?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அது கல்லூரி முழுவதும் பரவி, கடைசி வரை என் பேரோடு ஒட்டிக்கொண்டது.

நான் அய்யாவோடு வண்டியில் ஏறினேன். தென்காசி தாண்டினோம். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வயல்களில் தவளைச் சத்தம். வாலைத் தட்டி மாட்டை முடுக்கிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார்:

"ஊதலேன்னா என்னலே. அவுக கூட மேல உக்காந்திருந்தேல்லா. அது போதும்."

கையில் குழல் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ஊதிக் காட்டியிருப்பேன். இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தென்காசிக்கு நடந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். அவன் ஊஞ்சலில் படுத்திருந்தான். தொண்டை சரியாகியிருந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சுருதியைச் சொன்னேன், கண்ணைக் காட்டியதைச் சொன்னேன். உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டுக்கொண்டான்.

"முன்னாலயே சொல்லிருக்கலாம்லாடே?"

சொன்னேனே என்றேன். எப்போது என்று கேட்டான். எனக்கு அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் கலைந்துவிட்டன. "எங்க அய்யா வந்திருந்தாரு" என்று மட்டும் சொன்னேன்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். "அப்படியா? ஒரு வார்த்த சொல்லிருந்தா காருல கொண்டு விட்டிருப்போமே. சாரல்ல நனைஞ்சுட்டாரா?"

அவன் முகத்தில் அக்கறை இருந்தது. பொய் இல்லை. அதற்குமேல் அவனோடு சண்டை போட எனக்கு இடம் கிடைக்கவில்லை. அவன் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

கல்லூரி திறந்ததும், வாத்தியப் பெட்டியோடு திரும்பி வந்த குழலை நூல் சுற்றியபடியே அலமாரியில் வைத்துவிட்டு, விரிவுரையாளரிடம் விலகிக்கொள்கிறேன் என்று சொன்னேன். கடைசி வருடம், பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. எனக்குப் பதிலாக, ஆர்மோனியம்போலக் கட்டைகள் வைத்த புல்புல்தாரா வாசிக்கிற ஒருவன் வந்தான். அவனுக்கு எந்தச் சுருதியும் சரிதான் என்று டோலக்காரன் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அய்யா அந்த மாலையைப் பற்றி என்னிடம் பிறகு பேசவில்லை. மரக்கடையில் மற்ற வண்டிக்காரர்களிடம், என் மகன் குற்றாலத்தில் வக்கீல் மகனோடு மேடையில் உட்கார்ந்திருந்தான் என்று சொல்லியிருக்கிறார். அங்கே என்ன செய்தான் என்று யாரோ கேட்டதற்கு, குழல் வைத்திருந்தான் என்றாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் சாரல் ஆரம்பித்தது. நான் பரீட்சை எழுதிவிட்டு, முடிவுக்காக வீட்டில் காத்திருந்தேன். ஒருநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அய்யா கேட்டார், இந்த வருசமும் குத்தாலத்தில் மேலே உட்காருவியா என்று. இல்லை, நான் அதிலிருந்து விலகி ஒரு வருடம் ஆகிறது என்றேன்.

அவர் கை வாளியின்மேல் நின்றது. முதல் முறையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கி நீ என்னலே தப்பு பண்ணுன? ஊத விடாம உக்கார வச்சிட்டாகளே."

ஒரு வருடமாக அதை மனதில் வைத்திருக்கிறார். ஏதோ தப்புச் செய்தவனை, தண்டனையாக வாசிக்க விடாமல், ஆனாலும் பெரிய மனது பண்ணி மேடையில் இருக்க விட்டார்கள் என்று. வண்டியில் அவர் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் தப்பு ஒன்றும் பண்ணவில்லை என்றேன். ஆர்மோனியத்தில் கட்டைகள் இருப்பதை, அவன் விரலை இறக்கி வைத்ததை, மூங்கிலில் துளைகளை நகர்த்த முடியாது என்பதை எல்லாம் சொன்னேன். தரையில் குச்சியால் கோடு போட்டுக்கூடக் காட்டினேன். நான் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல், கோடுகளையே பார்த்துக்கொண்டு கேட்டார். மாடு குடித்து முடித்திருந்தது. வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"சரி" என்றார்.